உலக்கையனும் நாற்பது மரணங்களும்

வாழ்க அந்தக் கைகள். முப்பது மாடி உயரத்து இருட்டுக்குள் இறங்கி, எண்ணெய் வழியும் எஃகுக் கயிறுகளைத் தொட்டுத் தடவி நலம் விசாரித்த கைகள். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன கூண்டுகளுக்குள்ளிருந்து வியர்த்து வழிந்த மேலாளர்களையும், புத்தம்புதுக் குளிர்பதனப் பெட்டியோடு சிக்கிக்கொண்ட சுமையாளர் மூவரையும், கதவைத் திறந்த பிறகும் வெளியே வரமாட்டேன் என்று அழுத வழக்கறிஞர் ஒருவரையும் மீட்டுத் தந்த கைகள். இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒரு விரல் நகத்தையும் இழக்காத கைகள். வாழ்க அக்கைகளுக்கு உரியவர், ஐம்பதைத் தொட ஓராண்டே எஞ்சியவர், முன்னந்தலை முடியை முழுதும் துறந்த பெருந்துறவி, லிஃப்ட் மெக்கானிக் என்று உலகோர் விளிக்கும் எஃகுக்கயிற்றுச் செல்வர். அவர் வீற்றிருக்கும் மூவர் சோபாவும் வாழ்க. அதன் நடுவே ஏழாண்டு அமர்ந்தமர்ந்து அவர் அகழ்ந்த பள்ளமும், வேறெவர் உட்கார்ந்தாலும் அவர்களை நடுவுக்கே உருட்டிவிடும் அந்த ஆழ்ந்தகன்ற பள்ளமும் வாழ்க.

இவ்வளவு வாழ்த்தும் எதற்கு, அப்படி எந்தப் பகைவனோடு பொருதார் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். பகைவன் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருப்பவன். பெயர் உலக்கையன். தொழில், வாயிற்காவல். மலையைக் குடைந்து செய்தாற்போன்ற மார்பும், மாட்டு வண்டிச் சக்கரமொத்த முழங்கால்களும், தோளில் ஒரு தேக்குமரத்தையே சீவி வைத்தாற்போன்ற உலக்கையுமாக ஒரு கற்கதவின் முன் நிற்பான். உண்பதில்லை, உறங்குவதில்லை, ஒதுங்கப் போவதுமில்லை. கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வருபவர்களை அடித்து நசுக்குவதற்கு மட்டும் தெரியும்.

இந்த உலக்கையன் குடியிருக்கும் விளையாட்டின் பெயர் ‘உப்புக்கோட்டை இரண்டாம் பாகம்’. இரண்டாம் பாகம் என்றால் முதற்பாகம் ஒன்று இருந்திருக்க வேண்டுமே. இருந்தது. ஏழாண்டுகளுக்கு முன் வந்தது. தன் ஊருக்கு ஒரு மூட்டை உப்புத் தேடிப் புறப்பட்ட வழிப்போக்கன் ஒருவனின் கதை அது. அதில் மொத்தம் பதினொரே பதினொரு சண்டைகள். மற்ற நேரமெல்லாம் கதவு தட்டுவதும் பேச்சுக் கொடுப்பதும்தான். யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும், “யாரு?” என்று கேட்கும், நாம் பதில் சொல்ல வேண்டும். போருக்குப் போன கணவனைப் பற்றிக் கேட்ட பெண்ணொருத்தியிடம் அவன் உயிரோடு இருக்கிறான் என்று பொய் சொல்லலாமா கூடாதா என எஃகுக்கயிற்றுச் செல்வர் இரண்டு நாள் யோசித்தார். பன்னிரண்டாம் மாடிக்கு மேலே, நிறுத்தி வைத்த கூண்டின் கூரையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். மூன்றாம் நாள் பொய் சொன்னார். இன்றைக்கும் அதற்காக அவருக்கு மனம் உறுத்துகிறது. பெற்ற தாயிடம் சொன்ன பொய்கள் அப்படி உறுத்தியதாகத் தெரியவில்லை.

இனி இரண்டாம் பாகத்தின் பெருமை கேளுங்கள். கதவைத் திறந்தால் சண்டை. சாளரத்தைத் திறந்தால் சண்டை. தாகத்துக்குத் தண்ணீர் சேந்தக் கிணற்றடிக்குப் போனால் வாளியோடு சேர்ந்து நால்வர் மேலே வருவர், நால்வர் கையிலும் எட்டு வாள். பாலத்தில் சண்டை, பாலத்துக்கு அடியில் சண்டை, பாலம் இடிந்து விழுகையில் அந்தரத்தில் தொங்கியபடி ஒரு சண்டை. ஒரு முதியவள் அடுப்பங்கரையிலிருந்து தலை நீட்டி “தம்பி” என்று தொடங்கினாள். அந்தச் சொல்லின் ஈற்றெழுத்து உதட்டை விட்டு நீங்குமுன் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழுவர் குதித்தனர். எழுவரையும் வெட்டிச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தால் முதியவளைக் காணோம், அடுப்பையும் காணோம், வீட்டையே காணோம். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது படைத்தவர்களுக்கே தெரியாது, ஏனெனில் அவர்கள் எழுதியதே “தம்பி” வரைக்கும்தான். ஏழாண்டு காத்திருந்த மனிதனுக்கு ஏழாயிரம் வாய்கள் பரிமாறினார்கள். ஒரு வாய்க்கும் பேச்சு வராது, உறுமல் மட்டும் வரும்.

இருந்தாலும் ஒன்றை மறைத்தால் பாவம். உலக்கை இறங்கும் அந்தக் கண்ணிமைப் பொழுதில், முந்தாமலும் பிந்தாமலும், வாளைக் குறுக்கே ஏந்திவிட்டால் ணங்கென்று ஓர் ஒலி எழும். எழும்போதே கையிலிருக்கும் இருகொம்புக் கருவி உள்ளங்கைக்குள் ஓர் அதிர்வு அதிரும். நன்றாக முறுக்கேறிய எஃகுக் கயிற்றைச் சுண்டினால் விரலுக்குள் ஓடுமே, அதே அதிர்வு. அதை ஒருமுறை உணர்ந்தவர் மறுமுறை உணரப் பத்து முறை சாவார். எஃகுக்கயிற்றுச் செல்வர் அந்த விளையாட்டைக் குப்பை என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அந்த ணங்குக்காக மறுபடி உட்கார்ந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை, இதே அறையில், இதே குப்பை என்னும் சொல்லை அவர் தம் மைத்துனன் முன்னிலையில் மொழிந்ததே இந்தப் பெரும்போருக்கு வித்து. மைத்துனன் யார்? மனைவியின் தம்பி. கார் ஓட்டக் கற்றுத் தருபவன். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் இருக்க, பக்கத்து இருக்கையில் தனக்கெனத் தனி பிரேக்கோடு அமர்ந்து, நாளொன்றுக்குப் பதினான்கு முறை மரணத்தை ஒரு பாதத்தால் மிதித்து நிறுத்தும் பக்கப்பிரேக்கு மன்னன். இரண்டாம் பாகத்தை மூன்றே நாளில் முடித்துவிட்டவன்.

“பேச்சே இல்லடா இதுல. மனுஷன் வாயத் தெறந்தா கூரை பிச்சுக்குது. இது ஒரு கேமா? குப்பை.” என்றார் செல்வர்.

“பேச்சு எதுக்கு மாமா? காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ‘கிளட்ச மிதிங்க, கிளட்ச மிதிங்க’ன்னு பேசிட்டுதான் வரேன். வீட்டுக்கு வந்தா எனக்கு அடிக்கணும்.”

“அடிக்கறதுக்கு ஒரு காரணம் வேண்டாமா?”

“காரணம் இருக்கட்டும். நீங்க எது வரைக்கும் வந்திருக்கீங்க?”

செல்வர் தொண்டையைச் செருமினார். “உலக்கையன்கிட்ட.”

“பத்து நாளாவா?” மைத்துனன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். “அப்ப விஷயம் வேற மாமா. கேம் மோசமில்ல. உங்களால அவன அடிக்க முடியல. அடிச்சுட்டு வந்து திட்டுங்க, உக்காந்து கேக்கறேன்.”

ஐயோ, அந்தச் சொல் உலக்கையினும் கனத்தது. தோற்றவன் திட்டினால் அது பொருமல்; வென்றவன் திட்டினால் அதற்குப் பெயர் விமரிசனம். ஏழாண்டு ஆசையோடு காத்திருந்து ஏமாந்த ஒரு மனிதனுக்கு எஞ்சியிருந்த ஒரே சொத்து, அந்த விளையாட்டை வாயார இகழும் உரிமை. அதையும் ஒருவன் பறித்துக்கொண்டு போனான். எழுந்து நின்றார் எஃகுக்கயிற்றுச் செல்வர். சோபாப் பள்ளம் பெருமூச்சு விட்டது. அறை நடுவே நின்று முழங்கினார்:

“அடுத்த ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு வா. அதுக்குள்ள அவன அடிச்சு வைக்கறேன். ஹார்ட் மோட்லயே அடிக்கறேன். அடிச்சுட்டு இத எப்படித் திட்டறேன்னு மட்டும் பாரு.”

அந்த ஞாயிறு புலர்ந்தது. காலை பத்து மணிக்குத் திரைச்சீலையை இழுத்து மூடி, கைபேசியைக் கவிழ்த்து வைத்து, மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து, இருகொம்புக் கருவியை ஏந்திப் பள்ளத்தில் இறங்கினார் வீரர். கார்காலத்து இடி கற்பாறையில் இறங்கினாற்போல இறங்கியது முதல் உலக்கை. பதினொரு நொடியில் செத்தார். எழுந்தார். இரண்டாம் முறை பக்கவாட்டில் உருண்டார். உலக்கையும் பக்கவாட்டில் வந்தது. எழுந்தார். மூன்றாம் முறை ஓடினார். ஓடியவர் முதுகில் ஓர் உதை. யானை மிதித்த வெள்ளரிக்காயாகவும், அம்மிக்கடியில் அகப்பட்ட மிளகாகவும், கதவிடுக்கில் மாட்டிய பல்லியாகவும் விதவிதமாகச் செத்து, ஒவ்வொரு சாவிலும் ஒவ்வொரு பாடம் கற்று, கற்ற பாடத்தை அடுத்த சாவில் மறந்து, பதினேழாம் மரணத்தில் ஒரு ணங்கும் இருபத்தாறாம் மரணத்தில் இரண்டு ணங்கும் ஈட்டி, முப்பத்தேழாம் மரணத்தில் உலக்கையனின் உயிரைத் திரையில் காட்டும் உயிர்க்கோட்டினைப் பாதிக்குக் குறைத்து, அந்த மகிழ்ச்சியில் கண்ணாடியைச் சரிசெய்யக் கை எடுத்ததால் அப்போதே நசுங்கினார்.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு முனகல் எழுந்தது. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிரவில்லை. பல் மருத்துவமனையொன்றின் வரவேற்பு மேசைக்கு அரசியான அவள், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வரும் முனகல்களைப் பதினெட்டு ஆண்டுகளாக வகைபிரித்து வைத்திருப்பவள். எது ஊசி, எது துளைப்பான், எது வெறும் பயம் என்று அவளுக்கு ஒலியிலேயே தெரியும்.

“ரொம்ப வலிக்குதாங்க?” என்று கேட்டாள்.

“சும்மா இரும்மா. பாதி வந்துட்டேன்.”

“பாதி வந்தவங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க. சாப்பாடு ஆறுது. சாப்ட்டு வந்து சாவுங்க.”

வீரர் எழுந்தார். எழுந்தபோது என்ன செய்தார் என்பதில்தான் இக்கதையின் விதி சுழன்றது, ஆகவே சற்று நின்று சொல்ல வேண்டும்.

லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஒரு திருகுவிசை உண்டு. அதை இடப்பக்கம் திருப்பினால் கூண்டு ஆமை நடைக்கு வந்துவிடும். எத்தனை அவசரமானாலும், மேலே தீப்பிடித்தாலும், எந்த மெக்கானிக்கும் அதைத் திருப்பாமல் இயந்திரத்தை விட்டு எழக் கூடாது; எழுந்தவன் திரும்பி வரும்போது அவனுடைய கையோ காலோ அங்கே இருக்காது. இருபத்து நான்கு ஆண்டுகள் அதைத் திருப்பித் திருப்பி, இப்போது அவர் திருப்புவதில்லை, கை தானாகத் திருப்பும். வீட்டிலும் அப்படியே. அவர் எழுந்துபோன அறையில் மின்விசிறி ஒன்றாம் எண்ணில்தான் சுற்றும். அவர் விட்டுப்போன வானொலி முணுமுணுக்கும். உப்புக்கோட்டையைப் படைத்த மேதைகளோ, ஆட்டத்தை நிறுத்தும்போது தோன்றும் பலகையில், கடுமையைக் கூட்டிக் குறைக்க ஒரு வட்டத் திருகை அழகழகாக வரைந்து வைத்திருந்தார்கள். வலப்பக்கம் வன்னிலை. இடப்பக்கம் மென்னிலை. வீரர் ஆட்டத்தை நிறுத்தினார். மனம் சாப்பாட்டில் இருந்தது. கை திருகைக் கண்டது. கண்டதை இடப்பக்கம் திருப்பிவிட்டு, உண்மையுள்ள வேலையாளைப் போல எழுந்து அவரோடு கைகழுவப் போயிற்று.

உண்டு மீண்டார். பள்ளத்தில் இறங்கினார். கருவியை ஏந்தினார். என்ன வியப்பு, உலக்கையன் தோளிலிருந்து உலக்கையை இறக்கும் வேகத்தில் ஒருவர் வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொள்ளலாம். ணங். மறுபடி ணங். இடப்புறம் ணங், வலப்புறம் ணங், கோயில் மணியோ கொல்லன் பட்டறையோ என ஐயுறுமாறு ணங் ணங் ணங் என்று அறை அதிர, காலையெல்லாம் எமனாக நின்றவன் இப்போது பந்தியில் இடம் கிடைக்காமல் தயங்கும் தூரத்து உறவினன்போல் நின்றான். இன்னொருவராயிருந்தால் இதென்ன கூத்து என்று ஐயப்பட்டிருப்பார். எஃகுக்கயிற்றுச் செல்வருக்குத் தம் மேன்மை குறித்து ஐயமே எழுந்ததில்லை. ‘கண் திறந்துடுச்சு’ என்று எண்ணினார். ‘காலைல பசி. பசியில எவனுக்குக் கை ஓடும்’ என்று தம் முப்பத்தேழு மரணங்களுக்கும் ஒரே வரியில் காரணம் கண்டார். திரையின் வலது மூலையில் வெண்ணிறத்தில் ஒரு சின்ன இறகு மின்னிக்கொண்டிருந்தது. காலையில் அது இல்லை என்பதைக் கவனித்தார். வீரத்தை மெச்சிக் கொடுத்த விருது என்று முடிவு செய்தார். இரண்டு நிமிடத்தில் உலக்கையன் மண்ணைக் கவ்வ, கற்கதவு கரகரவென்று திறந்தது.

திறந்தால் அப்பால் ஓர் ஆறு. ஆற்றில் ஒரு படகு. படகில் ஒரு கிழவன். கூரை ஏதும் அருகில் இல்லை, பிய்த்துக்கொண்டு குதிக்க ஒருவனும் இல்லை. கிழவன் வாய் திறந்தான்.

“ஏறு. எங்க போகணும்னு கேக்கமாட்டேன். இந்தக் கரைல நின்னவன் எவனும் உண்மையச் சொன்னதில்ல.”

வீரருடைய கை கருவியில் தளர்ந்தது.

“போன தடவ ஒருத்தன் வந்தான்,” என்றான் கிழவன், துடுப்பைத் தள்ளியபடி. “உப்பு கேட்டான். குடுத்தேன். ஊருக்குக் கொண்டுபோய்ச் சேத்தானா இல்லியான்னு தெரியல. சேத்தானா?”

கேட்டுவிட்டுக் கிழவன் காத்திருந்தான். சேர்த்தான் என்று சொல்லலாம், தெரியாது என்று சொல்லலாம், பேசாமலும் இருக்கலாம். ஏழாண்டுகளுக்கு முன் அந்த உப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இந்தச் சோபாவில் இந்தப் பள்ளத்தில் இருந்தவர் அல்லவா? மார்புக்குள் ஏதோ ஒரு கூண்டு இரண்டு மாடி கீழே விழுந்து நின்றது. “சேத்துட்டேன் பெரியவரே,” என்று அவர் வாய்விட்டே சொன்னார், பிறகுதான் பொத்தானை அழுத்தினார். பத்து நிமிடம் படகு சென்றது. பத்து நிமிடமும் பேச்சு. மூக்கை உறிஞ்சும் ஒலி பக்கத்து அறைக்குக் கேட்டது. அது எந்த வகை என்று வரவேற்பரசிக்கே பிடிபடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கவிழ்த்து வைத்த கைபேசியை நிமிர்த்தி, மைத்துனனுக்கு ஓர் ஒலிச்செய்தி அனுப்பினார் செல்வர். வரலாறு அதை அப்படியே காத்து வைத்திருக்கிறது, ஏனெனில் மைத்துனன் அதை அழிக்கச் சம்மதிக்கவில்லை:

“மச்சான், ஒத்துக்கறேன். நான் சொன்னது தப்பு. இது கேம் இல்ல, காவியம். அந்தச் சண்டைங்க கூட இப்பதான் எனக்குப் புரியுது. அது சண்டை இல்லடா. தியானம். நாம அமைதியா இருந்தா அவனும் அமைதியா வரான்.”

நான்கு மணிக்கு வந்தான் பக்கப்பிரேக்கு மன்னன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்.

“உலக்கையன் அமைதியா வந்தானா மாமா?”

“உக்காரு, காட்டறேன்.”

“எத்தன தடவ செத்தீங்க?”

“சாப்பாட்டுக்கு முன்னாடி முப்பத்தேழு. அப்பறம் ஒண்ணு கூட இல்ல.” செல்வர் சுட்டுவிரலை நீட்டினார். “மூலைல பாரு, அந்த இறகு. எல்லாருக்கும் குடுக்கமாட்டாங்கன்னு நெனைக்கறேன். உனக்கு வந்துச்சா?”

மைத்துனன் இறகைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். சொல்லலாமா, ஏழு நாள் கழித்துச் சொன்னால் இன்னும் இனிக்குமா என்று ஒரு கணம் அவன் முகத்தில் பெரியதொரு போராட்டம் நடந்தது. அடக்கம் தோற்றது.

“அது ஈஸி மோட் மாமா.”

“எது?”

“அந்த இறகு. சின்னப் பசங்க கை ஒடியாம வெளையாடறதுக்கு வச்சிருக்காங்க. அதுக்குத்தான் இறகு போட்டிருக்காங்க.”

“நான் வைக்கலையே.”

“பின்ன உலக்கையனா வச்சான்?”

துணி மடிப்பை நிறுத்திவிட்டு நிலைப்படியில் வந்து நின்றாள் வரவேற்பரசி. ஆட்டத்தை அவள் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. இருவரையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்கினாள்.

“சாப்பிட எந்திரிச்சப்ப திருப்பி வச்சிருப்பாரு. காலைலேருந்து நாலு தடவ ஃபேனக் கூட்டி வச்சுட்டேன். போய்ப் பாருடா, இப்பவும் ஒண்ணுலதான் இருக்கும்.”

மைத்துனன் போய்ப் பார்க்கவும் செய்தான். ஒன்றில்தான் இருந்தது.

அப்போது செல்வருக்கு நேர்ந்த நிலையை எண்ணிப் பாருங்கள். திட்டும் உரிமையை வெல்லப் போனவர் அதை வெல்லவில்லை. வெல்லாத வெற்றியில் புகழவும் புகழ்ந்துவிட்டார். புகழ்ந்தது ஒலிவடிவில் பகைவன் சட்டைப்பையில் இருக்கிறது. இகழவும் வாயில்லை, புகழவும் நாவில்லை. அறையெங்கும் தியானம் என்னும் சொல் மிதந்தது.

“அந்தப் படகுக்காரன் பேசினது உண்மைதானே?” என்று ஈனக்குரலில் கேட்டார்.

“எந்தப் படகுக்காரன்?”

“கதவுக்கு அந்தப் பக்கம். ஆத்துல.”

“ஓ, அவனா. அவன நான் கேக்கல மாமா, தாண்டி விட்டுட்டேன். உலக்கையன அடிச்ச களைப்புல யாரு கத கேப்பா?”

“தாண்டிட்டியா?” செல்வர் நிமிர்ந்தார். “நீயெல்லாம் மனுஷனாடா? அதுக்குத்தான்டா கேமே.”

“ஈஸி மோட்ல வந்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

போதும். கருவியைப் பற்றினார் வீரர். திருகை வலப்பக்கம் முடியுமட்டும் திருப்பினார். இறகு அணைந்தது. ஆட்டத்தைப் பழைய இடத்துக்கே பின்னிழுத்து, சாத்திய கதவின் முன் மீண்டும் வந்து நின்றார். ஒரு பக்கம் மைத்துனன் அமர்ந்தான். பள்ளம் அவனையும் நடுவுக்கு உருட்ட, தோளோடு தோள் உராய இருவரும் ஒரே தேரில் ஏறிய வீரரும் சாரதியுமாயினர். முப்பத்தெட்டாம் மரணம் ஒன்பது நொடியில் நிகழ்ந்தது. முப்பத்தொன்பதாவது இருபது நொடி. நாற்பதாவதில் உலக்கையன் பாதி உயிரும் வீரர் கால் உயிருமாக நெடுநேரம் நின்றனர். தரையில் இல்லாத பிரேக்கை மைத்துனனின் பாதம் விடாமல் மிதித்தது.

“இடது, இடது, இடது.”

“பேசாத.”

“மாமா, அவன் தோள் எறங்குது, இப்ப, இப்ப தூக்குங்க.”

“எனக்குத் தெரியும். நான் லைசென்ஸ் வாங்க வரல.”

செத்தார்.

வன்னிலையில் நாற்பத்தொன்றாம் போர். இதைச் சொல்லக் கம்மிய குரல் போதாது. கடல் கடலோடு மோதினாற்போலவும், இரு மலைகள் இடம் மாற்றிக்கொள்ள முயன்றாற்போலவும், மேலிருந்து இறங்கும் கூண்டும் கீழிருந்து ஏறும் எடைக்கல்லும் ஒரே தடத்தில் சந்தித்தாற்போலவும் உலக்கையும் வாளும் சந்தித்தன. கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது, அவர் தொடவில்லை. நெற்றி வியர்வை இடக் கண்ணில் இறங்கியது, இமைக்கவில்லை. கட்டைவிரல் மரத்தது, மணிக்கட்டு கல்லானது, முதுகுத்தண்டு முழுவதும் ஒரு முறுக்கிய கயிறானது. ணங்குகளுக்கு நடுவே நாட்கணக்கான மௌனம். மைத்துனன் ஓசையின்றி மிதித்தான். வரவேற்பரசி நிலைப்படியிலேயே ஒரு தலையணை உறையைப் பாதி மடித்தபடி நின்றாள். மைத்துனனால் பறிக்கப்பட்ட உரிமை, ஏழாண்டுக் காத்திருப்பு, குப்பையா காவியமா என்னும் கேள்வி, எல்லாம் ஒரு மயிரிழை உயிர்க்கோட்டில் தொங்க, உலக்கை உயர்ந்தது. தோள் இறங்கியது. முந்தாமலும் பிந்தாமலும் வாள் எழுந்தது.

ணங்.

உலக்கையன் முழங்காலில் விழுந்தான். அவன் விழுந்த இடத்தில் புழுதி எழுந்து, எழுந்த புழுதி அடங்கி, கற்கதவு கரகரவென்று திறந்தது. மூலையில் இறகு இல்லை. அப்பால் அதே ஆறு, அதே படகு. கிழவன் தலையைத் தூக்கினான்.

“ஏறு. எங்க போகணும்னு...”

எஃகுக்கயிற்றுச் செல்வரின் மரத்த கட்டைவிரல் தாண்டும் பொத்தானை அழுத்தியது. படகு ஒரே தாவலில் அக்கரை சேர்ந்தது. கிழவன் முதுகு மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

“மாமா,” என்றான் மைத்துனன் மெல்ல. “அவனத் தாண்டி விட்டுட்டீங்க.”

செல்வர் தம் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடையதோ போல இருந்தது. அதன்மேல் ஒரு வட்டமான சிவந்த தடம். சண்டையில்லாமல் வந்தபோது பேச்சு இனித்தது, ஆனால் அங்கே வந்து சேர்ந்ததில் பொருளில்லை; சண்டையிட்டு வந்தபோது வந்து சேர்ந்ததில் பொருளிருந்தது, பேச்சைக் கேட்க ஆளில்லை. இரண்டையும் ஒரே மனிதனுக்கு ஒரே பிற்பகலில் கொடுக்கத் தெரியாதவர்கள் ஏழாண்டு உட்கார்ந்து என்னத்தைச் செதுக்கினார்கள் என்று கேட்கத் தோன்றியது. கூடவே அந்தக் கடைசி ணங் உள்ளங்கைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை இழிவாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

“சரி, ஜெயிச்சுட்டீங்க. ஹார்ட் மோட். நானே பாத்தேன்,” என்று இரு கைகளையும் விரித்து நியாயமாகவே ஒப்புக்கொண்டான் பக்கப்பிரேக்கு மன்னன். “இனிமே நீங்க திட்டலாம். புகழ்ந்தாலும் சரி. ஒரு வார்த்த எதுத்துப் பேசமாட்டேன். சொல்லுங்க, கேம் எப்படி?”

வரவேற்பரசி தலையணை உறையின் மறுபாதியை மடிக்காமல் காத்திருந்தாள். மின்விசிறி காத்திருப்பதுபோல் ஒன்றாம் எண்ணில் சுற்றியது. நாற்பது முறை மாண்டு நாற்பது முறையும் மீண்டவரும், மலைமார்பனை மண்கவ்வச் செய்தவரும், இகழ்வதற்கும் புகழ்வதற்கும் இவ்வுலகில் முழு உரிமை பெற்ற ஒரே ஒருவருமான எஃகுக்கயிற்றுச் செல்வர், மூக்கு நுனியில் தொங்கிய கண்ணாடியை மேலே தள்ளி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஏழாண்டுத் தவத்தின் பயனாகிய அந்தத் தீர்ப்பை மொழிவதற்காக வாய் திறந்தார்.

“பரவால்ல,” என்றார்.